கிராக்கூவில் ஒரு பொம்மைப் புகைப்பட வகுப்பு

போலந்தின் கிராக்கூவில், போட்குஜே பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. லிஃப்ட் கிடையாது. நடத்துபவர் 2022 கடைசியில் கார்கிவிலிருந்து மகளோடு வந்த உக்ரைன் புகைப்படக்காரர். மூன்று மணி நேரத்துக்கு 180 ஸ்வாட்டி (போலந்துப் பணம்). ஒரு துணிப் பொம்மை செய்து, அதைப் படம் எடுத்து, ஒரு பிரிண்டோடு வீட்டுக்கு வரலாம். பாவம், அகதிக்கு உதவியாக இருக்குமே என்ற நினைப்பில் போகாதீர்கள். கறாரான வாத்தியார்.

இந்த உக்ரைனியப் பொம்மையின் பெயர் மோட்டான்கா. ஊசி படக்கூடாது, துணியைச் சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டுவதுதான் வேலை. கண், மூக்கு, வாய் கிடையாது. முகத்தில் வண்ண நூலால் ஒரு சிலுவை. அந்தச் சிலுவை பழைய வழக்கமா, சமீபத்தில் பரவியதா என்று ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். ஆதிகால மரபு என்று அளக்காதது எனக்குப் பிடித்தது.

சரி, ஏன் பொம்மை? உக்ரைனில் போர் நேரத்தில் ராணுவ நடமாட்டத்தைப் படம் எடுத்துப் போட்டால் எதிரிக்கு இலக்கு காட்டிக்கொடுத்த மாதிரி. 2022 மார்ச்சில் அதற்கென்றே குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்தார்கள். தெருவில் கேமராவைத் தூக்கினாலே சந்தேகமாகப் பார்ப்பார்கள். வீட்டுக்குள் இருந்தவை மகளின் பொம்மைகள். அங்கே 'இரண்டு சுவர் விதி' என்று ஒன்று உண்டு: முதல் சுவர் வெடிப்பின் அடியை வாங்கும், இரண்டாவது சிதறல்களைத் தடுக்கும். அதனால் சன்னல் இல்லாத நடைவழியிலும் குளியலறையிலும்தான் படுக்கை. இவருடைய படங்களும் அங்கேயே எடுத்தவை. குளியல் தொட்டியில் போர்வை போர்த்திய பார்பி. பக்கத்தில் கடவுச்சீட்டும் மாத்திரையும் வைத்த பை. அந்த அக்டோபரில் ரஷ்யா மின் நிலையங்களைத் தாக்க ஆரம்பித்தபிறகு வெளிச்சத்துக்கு டார்ச்தான்.

கிராக்கூ வந்தபிறகு எடுத்த படங்களில் ஆண் பொம்மையே இல்லை. 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் உக்ரைனைவிட்டு வெளியேற அப்போது தடை இருந்தது. அவர் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கார்கிவ் புகைப்படத்துக்குப் பேர்போன ஊர். போரிஸ் மிகைலோவ் இருந்த 'வ்ரேம்யா' புகைப்படக் குழு 1971இல் அங்கேதான் உருவானது. மிகைலோவ் பழைய குடும்பப் படங்களைப் பெரிதாக்கிக் கையால் சாயம் பூசியவர். இவரும் தன் பிரிண்டுகளில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் சாயம் பூசுகிறார். அந்தத் தொட்டிப் படத்தில் பைக்கு மட்டும் மஞ்சள்.

காசுக்கு நிஜமான மதிப்பு ஒளியைப் பற்றிய பாடத்தில்தான். கேமரா பொம்மையின் தலைக்கு மேலே இருந்தால் அது வெறும் பொம்மை. முக உயரத்துக்கு இறக்கினால் ஆள். பின்னணி ரொம்ப மங்கினால் குட்டிப் பொருள் என்று கண் கண்டுபிடித்துவிடும், அதனால் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11 அளவில் வைக்க வேண்டும். போனில் எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து ஜூம் செய்யச் சொன்னார். டார்ச்சுக்கு முன்னால் கேக் சுடும் காகிதத்தைப் பிடித்தால் நிழலின் ஓரம் மென்மையாகிறது. காகிதத்தைப் பொம்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கொண்டுபோக இன்னும் மென்மை. இதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் மேசையில் ஒருவர் பொம்மைக்குச் சிவப்பு மை பூசலாமா என்று கேட்டார். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை, அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

குறைகளும் உண்டு. எட்டுப் பேருக்கு ஒரே மேசை, முழங்கை இடிக்கிறது. உக்ரைனிய மொழியும் போலிஷும்தான் ஓடுகின்றன. ஆங்கிலம் அரைகுறை, போன் மொழிபெயர்ப்பை நம்பித்தான் இருக்க வேண்டும். கையில் தருகிற பிரிண்ட் மெல்லிய தாள், நிறம் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது. இந்தக் கட்டணத்துக்குக் கொஞ்சம் நல்ல தாள் தரலாம். அவர் விற்கிற சொந்தப் படங்கள் கனமான தாளில் இருக்கின்றன, விலை 250 ஸ்வாட்டி. நான் தொட்டிப் படத்தை வாங்கினேன்.

பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். போகும்போது பழைய பருத்திச் சேலைத் துண்டு இருந்தால் எடுத்துப் போங்கள். அங்கே தருகிற துணி புதுசு, கஞ்சி மொடமொடப்பு. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பிரிந்து பிரிந்து வருகிறது.