புதிய அமெரிக்க உணவகமா, பழைய டைனரா?

அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் நகரில் புதிதாகத் திறந்து, எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அமெரிக்க பாணி உணவகம் ஒன்றில் மூன்று வாரம் முன்னதாகவே மேசை பதிவு செய்து, கடந்த மாதம் நால்வராகச் சென்றோம். அன்றைய ஏமாற்றம் உணவகத்தின் குறையா, எங்கள் எதிர்பார்ப்பின் குறையா என்று அறிய, அடுத்த வாரமே நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய டைனருக்கு (எளிய, மலிவான அமெரிக்கச் சிற்றுணவகம்) போய், முடிந்தவரை அதே பதார்த்தங்களைக் கேட்டு வாங்கி உண்டோம். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். 1872இல் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் இரவு உணவு விற்றதிலிருந்து வளர்ந்தது டைனர் மரபு. அமெரிக்க உணவைப் பற்றிய எந்த ஒப்பீட்டிலும் அதற்கு இடம் உண்டு.

முதலில் பர்கர். புதிய உணவகத்தில் வந்தது இரண்டு விரல் தடிமனான இறைச்சி. வெளிப்புறம் சாம்பல் நிறத்தில், வேகவைத்தது போல் இருந்தது. இறைச்சியைப் பையில் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் பதமாக்கி, பின்னர் சில நொடிகள் மட்டும் நெருப்பில் காட்டுவதாகப் பரிமாறியவர் பெருமையுடன் விளக்கினார். குறை அங்கேதான் இருக்கிறது. இறைச்சிக்கு மணத்தையும் பழுப்பு நிறத்தையும் தரும் மெயார்ட் வினை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியசைத் தாண்டிய பிறகே விரைவாக நடக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை வெப்பம் 100 டிகிரியிலேயே நின்றுவிடும். தொட்டியிலிருந்து ஈரத்தோடு வந்த இறைச்சிக்குச் சில நொடிகள் எப்படிப் போதும்?

டைனரில் சமையல்காரர் எங்கள் கண் முன்னேயே இறைச்சி உருண்டையைக் கொதிக்கும் இரும்புக் கல்லில் போட்டு, முதல் அரை நிமிடத்துக்குள் அகலமான கரண்டியால் அழுத்தித் தட்டையாக்கினார். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. கொழுப்பு உருகுவதற்கு முன் அழுத்துவதால் சாறு வெளியேறாது; இறைச்சி முழுவதும் கல்லோடு ஒட்டிக் காய்வதால் ஓரம் மொறுமொறுப்பாகிறது. அரைத்த மாட்டிறைச்சி உள்ளே 71 டிகிரி வரை வேக வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. அரைக்கும்போது மேற்பரப்பிலுள்ள நுண்ணுயிரிகள் உள்ளேயும் கலந்துவிடுகின்றன என்பதே காரணம். மெல்லிய இறைச்சி மூன்று நிமிடத்தில் அந்த வெப்பத்தை எட்டியும் சுவை குன்றாமல் இருந்தது. பாலாடைக்கட்டியிலும் இதே வேறுபாடு தெரிந்தது. பலர் இகழும் பதப்படுத்திய அமெரிக்கன் சீஸில் கொழுப்பையும் நீரையும் ஒன்றாகப் பிடித்து வைக்கும் உப்புகள் இருப்பதால் அது பிரியாமல் வழவழப்பாக உருகியது. உணவகத்தின் முதிர்ந்த செடார் பாலாடைக்கட்டி எண்ணெயாகப் பிரிந்து, இனிப்பான பிரியோஷ் பன்னை நனைத்துவிட்டது.

உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாவுச்சத்து மிகுந்த ரசெட் வகைக் கிழங்கை ஏறத்தாழ 160 டிகிரியில் ஒரு முறையும், ஆறிய பின் 185 டிகிரியை ஒட்டி மறுமுறையும் பொரிப்பது பழைய வழி. டைனரில் கிடைத்தது அப்படிப்பட்டதுதான். உணவகத்தின் வறுவல் உயரமான உலோகக் குவளையில் நெருக்கி அடுக்கப்பட்டு, தன் ஆவியிலேயே தொய்ந்து போயிருந்தது. மேலே தெளித்திருந்த டிரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த பூஞ்சை) மணமுள்ள எண்ணெய் அதைக் காப்பாற்றவில்லை. இவ்வகை எண்ணெய்களில் பெரும்பாலானவற்றின் வாசனை செயற்கை வேதிப்பொருளிலிருந்து வருவது என்பதை அறிந்தவர்களுக்கு அதற்கான கூடுதல் விலை உறுத்தும். மெக்கரோனி சீஸில் இரு கடைகளும் ஏறக்குறைய சமம்.

உணவகத்தில் நாங்கள் உண்ட, மாட்டின் நெஞ்சுப்பகுதியான பிரிஸ்கெட் டைனரில் இல்லை. ஆகவே அதை, முன்பு வேறோர் ஊரின் டெக்சஸ் பாணி பார்பிக்யூ கடையில் உண்டதோடுதான் ஒப்பிட முடியும். அங்கே ஓக் விறகின் புகையில் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடந்து, உள்ளே 95 டிகிரியை நெருங்கும்போது இறைச்சியை விறைப்பாக்கும் கொலாஜன் என்ற புரதம் மிருதுவான ஜெலட்டினாக மாறி, துண்டு விரலில் தொங்கும் அளவுக்கு மென்மையாக இருந்தது. புதிய உணவகத்தில் புகை மணம் சாஸில் இருந்தது, இறைச்சியில் இல்லை.

பில்லைப் பொறுத்தவரை, உணவகத்தில் ஒருவருக்கு ஆன செலவு டைனரைப் போல் மூன்று மடங்கு. அதில் 20 சதவீத சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தும், கையொப்பமிடும் இடத்தில் டிப்ஸுக்கு மறுபடியும் ஒரு கோடு இருந்தது. டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கும் நாட்டில், டிப்ஸைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு பரிமாறியவர் எங்களைக் கவனித்த விதத்தில் குறையே இல்லை. ஆனால் அந்தச் சேவைக் கட்டணம் யாரிடம் போகிறது என்று பில்லில் எழுதியிருக்க வேண்டும்.

உணவகம் வென்ற இடங்களும் உண்டு. அதன் ஊறுகாய்த் தட்டும், வறுத்த பீட்ரூட் சாலடும் நேர்த்தியானவை; டைனரின் சாலட் நீர்த்துப்போன ஐஸ்பெர்க் கீரைதான். நண்பர்கள் அழைத்து அங்கே போக நேர்ந்தால், அவ்விரண்டையும் மட்டும் வாங்கி மதுக்கூட மேசையில் அமருங்கள். அங்கே முன்பதிவும் தேவையில்லை. பர்கர் வேண்டுமென்றால் டைனரில், இரும்புக் கல்லுக்கு நேர் எதிரே உள்ள முக்காலிகளில் ஒன்றைப் பிடியுங்கள்.