மஞ்சள் லைட் எரிந்தால் எங்கே போவது: கம்பெனி சர்வீஸா, ரோட்டோர ஸ்கேனரா, கையிலிருக்கும் போனா?

டீசல் பிக்கப் வண்டி வாங்கி அப்போது நான்கு மாதம்தான். ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. இராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு தாண்டி வரும்போது மீட்டரில் அந்த மஞ்சள் எஞ்சின் படம் எரிந்தது. சத்தம் மாறவில்லை, புகை இல்லை, இழுவையும் அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரிய கழட்டி மாட்டுங்க மாமா, போயிடும்" என்றான்.

தவணை கட்டுகிற வண்டியில் அப்படி விளையாட எனக்குத் துணிவு வரவில்லை. வண்டிக்கு இப்போது ஒன்றரை வயது. இதுவரை மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக அந்த லைட் எரிந்துவிட்டது. ரோட்டோரத்தில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கருவி வைத்திருப்பவர், கம்பெனி சர்வீஸ் சென்டர், வண்டியைப் போனோடு இணைக்க நானே வாங்கிய சின்ன அடாப்டர் என்று மூன்றையும் பார்த்தாகிவிட்டது. எது நல்லது என்று ஸ்டாண்டில் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

முதலில் எந்த லைட் என்று சரியாகப் பாருங்கள். ஸ்பிரிங் போலச் சுருண்ட படம், ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்குடையது. காலையில் சாவி போட்டதும் கொஞ்ச நேரம் எரிந்து அணைந்துவிடும். ஆயில் கேன் படமோ தெர்மாமீட்டர் படமோ சிவப்பாக எரிந்தால் ஸ்கேனரைத் தேடாதீர்கள், அதே இடத்தில் எஞ்சினை அணையுங்கள். மஞ்சள் எஞ்சின் படம் வேறு. காற்று, டீசல், புகை இவற்றில் ஏதோ ஒரு கணக்கு ஒத்துவரவில்லை என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ சொல்கிறது, அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டியில் இப்படிக் கணக்குப் பார்க்கும் சென்சார்கள் கூடிவிட்டன. பழைய டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கரியைப் பிடிக்க எதுவும் கிடையாது. இப்போது சைலன்சருக்கு முன்னால் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சில வண்டிகளில் அதோடு புகையைச் சுத்தம் செய்யும் யூரியா டேங்கும் உண்டு.

இன்னொன்று: யூடியூபில் "டேங்க் மூடியை இறுக்கினால் லைட் போய்விடும்" என்று சொல்லும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க பெட்ரோல் பிக்கப்புகளுக்கானவை. பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் அமைப்பு அவற்றில் இருக்கிறது. நம் டீசல் வண்டியில் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கை வலிப்பதுதான் மிச்சம்.

முதல் முறை நான் போனது ரோட்டோர ஸ்கேனரிடம். தருமபுரி பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். பையன் டேப்லெட் போன்ற ஒன்றை எடுத்துவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினான், இரண்டு முறை தட்டினான், லைட் போய்விட்டது. முந்நூறு ரூபாய். "என்ன தம்பி கோளாறு?" என்றேன். "சென்சார் எரர்ணா, அழிச்சிட்டேன்" என்றான். எந்த சென்சார், என்ன எண், எதுவும் இல்லை. அடுத்த நாள் எதற்கும் இருக்கட்டும் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அவர்கள் ஸ்கேன் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் காட்டவில்லை. ஜாப் கார்டில் "குறை இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் மறுபடி லைட். இந்த முறை வண்டி ஏறவே இல்லை. பிக்கப் வண்டியில் பிக்கப் இல்லை என்று மண்டியில் சிரித்தார்கள்.

தப்பு அந்தப் பையனுடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான். லைட் எரிகிற நொடியில் இசியூ கோளாறின் எண்ணை, அதாவது கோடை (code), மட்டும் எழுதிவைப்பதில்லை. அப்போது வண்டி என்ன வேகம், எத்தனை ஆர்பிஎம், எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடில் இழுத்தது என்று ஒரு படம் பிடித்தது போலச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். வைத்தியரிடம் போகும் முன் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு போவதைப் போல, வியாதி அப்படியே இருக்கும், தெர்மாமீட்டரில் மட்டும் ஒன்றும் தெரியாது.

ஆனாலும் ரோட்டோர ஸ்கேனரை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். பல கம்பெனி வண்டிகளுக்கும் வேலை செய்யும் அந்தக் கருவி விலை கூடியது. எஞ்சின் மட்டுமல்லாமல் பிரேக்கின் ஏபிஎஸ், மீட்டர் என்று மற்ற இசியூக்களையும் பல வண்டிகளில் படிக்கும். டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க வைக்கவும் செய்யும். ராத்திரி பத்து மணிக்கும் ஆள் இருப்பார்கள். கருவி ஒன்றுதான், அதைப் பிடிக்கும் கைதான் ஆளுக்கு ஆள் வேறு. கோடைச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து ஓஸ் பைப்பைத் தொட்டுப் பார்க்கிறவரா, இல்லை நேராக அழி பட்டனுக்குப் போகிறவரா என்று பாருங்கள். உள்ளே விடும் முன் "அழிக்க வேண்டாம், படிச்சு மட்டும் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை போதும். முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த லைட் மறுபடி எரிந்து இரண்டாம் தடவை போனபோதுதான் சர்வீஸ் சென்டரில் உண்மை தெரிந்தது. பி2463, அதாவது டிபிஎஃப்பில் கரி அதிகம் சேர்ந்துவிட்டது. வண்டியில் கோளாறே இல்லை, என் ஓட்டத்தில்தான். அந்தக் கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் இசியூ தானாகவே எரித்துவிடும். அதற்கு வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நான் ஓட்டியது தோட்டத்திலிருந்து மண்டி, மண்டியிலிருந்து கடை. ஐந்து கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைக்காமல் விட்டுவைப்பேன். எரிய ஆரம்பிக்கும் நேரத்தில் சாவியைத் திருப்பிவிடுவேன். கரி சேராமல் என்ன செய்யும்?

அவர்கள் நின்ற இடத்திலேயே கருவி வைத்து எரித்தார்கள். சைலன்சர் பக்கம் நெருப்பு போல அனல். யாரும் கிட்டே போகாதபடி நிறுத்திவைத்திருந்தார்கள். மாந்தோப்பில் காய்ந்த சருகின் மேலேயோ வைக்கோல் பக்கத்திலோ நிறுத்தி இதைச் செய்யக் கூடாது என்று அங்கேதான் புரிந்தது. இப்போது வாரம் ஒரு முறை வேண்டுமென்றே கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிவருகிறேன். போக ஏறத்தாழ 45 கிலோமீட்டர். காவேரிப்பட்டணத்தில் டீக்கு நிறுத்துவதைக்கூட திரும்பும்போதுதான். அந்தக் கோடு அதன்பிறகு வரவில்லை.

சர்வீஸ் சென்டரின் பலம் இதுதான். கம்பெனியின் சொந்த மென்பொருள் அவர்களிடம் இருக்கிறது. கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க முடியும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் எண்ணை இசியூவில் ஏற்ற முடியும், இசியூவின் மென்பொருளையே புதுப்பிக்க முடியும். வாரண்டியில் இருந்தால் பாகத்துக்கும் காசு இல்லை. பலவீனமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலை எட்டு மணிக்கு விட்டால் மாலை ஐந்துக்குக் கூப்பிடுவார்கள். மாங்காய் சீசனில், சந்தூர் பக்கத்திலிருந்து கூழ் ஆலைக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை கிடைக்கிற நேரத்தில், ஒரு நாள் வண்டி நின்றால் என்ன நஷ்டம் என்று அவர்களுடைய ஜாப் கார்டில் எழுத இடமில்லை. அப்புறம், கவுண்டரில் இருக்கும் அட்வைசர் வேறு, உள்ளே வேலை செய்யும் மெக்கானிக் வேறு. நாம் சொன்னது உள்ளே போய்ச் சேருவதற்குள் பாதி உதிர்ந்துவிடும்.

அதனால்தான் அடாப்டர் வாங்கினேன். ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு வந்த முதல் ஒன்று ஈஎல்எம்327 என்ற சிப்பின் பெயர் போட்ட நகல். என் வண்டியோடு பேசவே இல்லை. அடுத்து இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது வேலை செய்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளையுள்ள சாக்கெட்டில் சொருகி, சாவியை ஆன் செய்து, புளூடூத்தில் இணைத்து, போனில் ஆப்பைத் திறந்தால் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒத்துவரும் அடாப்டரா என்று கேட்டு வாங்க வேண்டும். இது 12 வோல்ட் வண்டிக்கு. மச்சானின் சிநேகிதன் 24 வோல்ட் லாரியில் போடலாமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன்.

இரண்டாவது லைட்டில்தான் அதன் அருமை தெரிந்தது. சேலத்திலிருந்து மாட்டுத்தீவன மூட்டை ஏற்றி வருகிறேன். தொப்பூர் கணவாயில் ஏறும்போது சட்டென்று இழுவை போனது, லைட் எரிந்தது. மேலே ஏறி, அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினேன். பி0299, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தம் போதவில்லை. ஃப்ரீஸ் ஃபிரேமில் 38 கிலோமீட்டர் வேகம், 2,150 ஆர்பிஎம், எஞ்சின் சூடு 91, லோடு 97 சதவீதம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். கோடைப் பார்த்த உடனே "டர்போ போச்சு" என்று வயிறு கலங்கியது உண்மை.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடு என்பது பாகத்தின் பெயர் அல்ல. பி0299 என்றால் காற்று அழுத்தம் குறைந்தது என்று மட்டுமே பொருள். டர்போ கெட்டிருக்கலாம், பைப் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். பி0087 என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயில் (fuel rail) அழுத்தம் குறைவு. அதற்கு பம்ப் மாற்றச் சொல்பவரிடம் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்த்தாயா என்று கேளுங்கள். பி எழுத்துக்கு அடுத்த இலக்கம் சைபராகவோ இரண்டாகவோ இருந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, போன் ஆப் சொல்லும் விளக்கத்தை நம்பலாம். ஒன்றாக இருந்தால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு; எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஆப் சொல்லும் பொருளை விட்டுவிடுங்கள்.

மெதுவாக ஓட்டி, தருமபுரிக்குள் எனக்குப் பழக்கமான ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். ஸ்கேனர் கிடையாது அவரிடம். போனில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். "முழு லோடுல, மேடு ஏறும்போது மட்டும்தான?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் பைப்பின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். விரல் நுனியில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. கிளாம்ப் தளர்ந்து, அழுத்தம் ஏறும்போது மட்டும் காற்று அந்த வழியாக வெளியேறியிருக்கிறது. ஸ்குரூ டிரைவரில் நான்கு திருப்பு. ஐம்பது ரூபாய் கொடுத்தேன், டீக்குப் போதும் என்று முப்பதைத் திருப்பினார். அடாப்டரும் அவர் விரலும் சேர்ந்து பார்த்த வேலை அது. எது ஒன்று இல்லாவிட்டாலும் நான் டர்போ டர்போ என்று புலம்பிக்கொண்டு வண்டியை இரண்டு நாள் எங்காவது விட்டிருப்பேன்.

அடாப்டரால் முடியாததும் நிறைய. என் வண்டியில் டிபிஎஃப் கரி அளவை அது காட்டுவதில்லை, கரியை எரிக்கவும் அதனால் ஆகாது. ஏபிஎஸ் லைட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ராத்திரியில் சொருகியே விட்டுவிட்டால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அழி பட்டன் அதிலும் இருக்கிறது. அதைத் தொடவே கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

மச்சான் சொன்ன பேட்டரி வைத்தியத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. சில வண்டிகளில் கோடு அழியும், பல புது வண்டிகளில் அழியாது. அழிந்தாலும் கிடைப்பது அந்தப் பையன் செய்ததுதான், முந்நூறு ரூபாய் மிச்சம். லைட் தானாகவும் அணையும். பொதுவாகக் கோளாறு மூன்று ஓட்டம் தொடர்ந்து தலைகாட்டாவிட்டால் இசியூவே அணைத்துவிடும். கோடு மட்டும் நினைவில் இன்னும் பல நாள் கிடக்கும். அணைந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், அப்போதும் படித்துக் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது லைட் டிபிஎஃப் அழுத்த சென்சார், பி2452. ஸ்கிரீன்ஷாட்டை அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். எழுதும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. சென்சார் வரவழைக்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். வண்டி ஓடுவதால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். பாகம் வந்த பிறகு விட்டேன், மதியத்துக்குள் மாற்றிக் கொடுத்தார்கள், வாரண்டியில் போய்விட்டது. வயரை எங்கேயும் வெட்டி ஹாரனோ லைட்டோ கொடுத்திருக்கிறேனா என்று அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஏர் ஹாரன் போடும் ஆசையை வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

ஆக வாரண்டி இருக்கும்வரை என் வரிசை இது: போனில் படிப்பது, படம் எடுப்பது, பைப்பும் கிளாம்ப்பும் கண்ணால் பார்ப்பது, பிறகு கம்பெனி. ரோட்டோர ஸ்கேனர் ராத்திரியில், நடுவழியில், படிக்க மட்டும். வாரண்டி முடிந்தால் கம்பெனியும் ரோட்டோரமும் இடம் மாறலாம். நல்ல கை ஒன்றை இப்போதே பார்த்துவைத்திருக்கிறேன்.

அடாப்டர் இன்று என்னிடம் இல்லை. போச்சம்பள்ளி சந்தைக்குப் போன மச்சானின் வண்டியில் ஞாயிற்றுக்கிழமை லைட் எரிந்ததாம். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறான், போகவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே வந்து வாங்கிக்கொண்டு போனவன், இன்னும் திருப்பித் தரவில்லை.