முதல் சிறுகதையை எங்கே அனுப்பலாம்: வார இதழா, இலக்கிய இதழா, பிரதிலிபியா?

முதல் கதையை எழுதி முடித்தவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: வார இதழ், இலக்கிய இதழ், பிரதிலிபி போன்ற செயலி, சிறுகதைப் போட்டி. எதில் வாசகர் அதிகம் என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். புதிதாக எழுதுபவர் பார்க்க வேண்டியது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியாகும் முன் விவரம் தெரிந்த ஒருவர் கதையை வரிவரியாகப் படித்து, ‘இந்த இடம் சரியில்லை’ என்று சொல்லும் வாய்ப்பு எங்கே அதிகம்?

வார இதழ்களின் பெரிய பலம் வீச்சு. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்துதான் அத்தனை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஆனால் கதைக்கு ஒதுக்கும் பக்கங்கள் அன்றிருந்த மாதிரி இப்போது இல்லை. கல்கி 2020இல் அச்சை விட்டு இணையத்துக்கே போய்விட்டது. புதியவருக்குச் சற்று எளிதாகக் கிடைக்கும் இடம் ஒரு பக்கக் கதைதான். அதில் சிக்கனம் பழகும், அது உண்மை. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்: கடைசி வரித் திருப்பத்துக்காகவே மொத்தக் கதையையும் வளைப்பது. கொடுமைக்காரி என்று நினைத்த மாமியார் கடைசி வரியில் தங்கமானவராக மாறும் கதைகளை நாம் எத்தனை படித்திருப்போம்! பிரசுரமானால் சன்மானம் உண்டு. ஆகாவிட்டால் பெரும்பாலும் மௌனம்தான், காரணம் தெரியாது.

இலக்கிய இதழ்களில் வாசகர் குறைவு, பணம் அனேகமாக இல்லை, பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருந்தும் என் ஓட்டு இதற்கே. தமிழ்ச் சிறுகதை வளர்ந்ததே இப்படிப்பட்ட இடங்களில்தான். 1933இல் தொடங்கிய மணிக்கொடி, பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கான இதழாக மாறியபோது, புதுமைப்பித்தன், கு.ப.ரா., மௌனி எல்லோரும் அதில் எழுதினார்கள். இன்றைக்கு அச்சில் காலச்சுவடு, உயிர்மை, கணையாழி என்றால், இணையத்தில் 2009இல் தொடங்கிய சொல்வனம், மலேசியாவிலிருந்து வரும் வல்லினம், கனலி, அகழ் என்று கதவுகள் பல. இணைய இதழுக்குப் பக்கக் கணக்கு கிடையாது என்பதால் இரண்டாயிரம், மூவாயிரம் சொல் கதையையும் வெட்டாமல் அனுப்பலாம். ஆசிரியர் குழுவில் ஒருவருக்குக் கதை கொஞ்சம் பிடித்துவிட்டால், ‘முதல் இரண்டு பத்தி தேவையில்லை, மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள்’ என்ற மாதிரி ஒரு மின்னஞ்சல் வரக்கூடும். எல்லோருக்கும் வராது. வந்தால் அது சன்மானத்தைவிடப் பெரிது. புதியவர் கதைகளில் வானிலை, தெரு, நாயகனின் குடும்ப வரலாறு என்று சுற்றி வந்துவிட்டுக் கதை மூன்றாம் பத்தியில்தான் ஆரம்பிக்கும். எழுதியவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

இங்கேயும் ஒரு வியாதி உண்டு. அந்த இதழ்களில் வரும் தொனியைப் பார்த்து, ஒன்றுமே நடக்காமல் ஜன்னலை வெறித்துக்கொண்டு முடியும் கதைகளை எழுதத் தொடங்கிவிடுவது. அனுப்பும் முன் அந்த இதழில் வந்த நாலைந்து கதைகளைப் படியுங்கள், ஆனால் அதே குரலில் எழுதாதீர்கள்.

பிரதிலிபி இதற்கு நேர் எதிர். 2014இல் பெங்களூரில் தொடங்கியது. கதையை ஏற்றிய சில நிமிடங்களில் யாராவது படித்துவிடலாம். நட்சத்திரம் விழும், ‘அருமை சகோ’ வரும். சிறுகதைக்குக் கீழே ‘அடுத்த பாகம் எப்போது?’ என்றுகூடக் கேட்பார்கள், ஏனென்றால் அங்கே கொடி பறப்பது தொடர்கதைக்கு. எழுதும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அது நல்ல இடம். தினம் எழுதுபவரை அந்த ஊக்கம் கண்டிப்பாகத் தாங்கும். கதையின் ஓட்டையை எடுத்துச் சொல்பவர்கள் அங்கே குறைவு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. செயலியிலோ முகநூலிலோ போட்டுவிட்டால் அது ‘ஏற்கெனவே வெளியான கதை’ ஆகிவிடும். பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் அப்படிப்பட்ட கதையை ஏற்பதில்லை. இதழில் வந்ததைப் பிறகு செயலியில் ஏற்றலாம், இதழின் விதி இடம் கொடுத்தால். எதிர்த்திசையில் பயணம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே செயலியைக் கடைசியில் வைக்கிறேன்.

போட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசித் தேதி இருப்பதால் கதை முடியும், அதுவே பாதி லாபம். அரூ என்ற இணைய இதழ் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டி போல, குறிப்பிட்ட வகைக் கதைக்கென்றே நடப்பவை புதியவருக்கு நல்ல வாய்ப்பு. பரிசு கிடைக்காவிட்டால் ஏன் என்று தெரியாது. தேர்வாகாத கதையின் உரிமை யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அனுப்பும்போது யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பாக அனுப்புங்கள், பழைய எழுத்துருவில் வேண்டாம். சொந்தக் கதை, வேறு எங்கும் அனுப்பவில்லை என்று ஒரு வரி போதும், கதைச் சுருக்கம் தேவையில்லை. ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. அந்த இதழ் சொல்லும் காலக்கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால், திரும்பப் பெறுவதாக மின்னஞ்சலில் சொல்லிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். அதற்குள் இரண்டாவது கதை பாதியாவது எழுதியிருந்தால் காத்திருப்பது அவ்வளவு கடினமாக இருக்காது.