குலுக்கலா, கடிகாரமா?

அமெரிக்க மண் தடக் கார் பந்தயங்களில் யார் முன்னால் நின்று தொடங்குவது என்று முடிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் லேட் மாடல் தொடரில் (லேட் மாடல் என்பது ஒரு வகைப் பந்தயக் கார்) கடிகாரத்தை வைத்து நேரச் சுற்று: வேகமாக ஓட்டியவர் முதல் கட்டச் சிறு பந்தயத்தில் (ஹீட்) முன்னால் நிற்பார். நியாயம்தான். ஆனால் மண் சும்மா இருக்காதே! முதலில் போகிறவருக்கு ஈரக் களிமண் டயரை இறுக்கிப் பிடிக்கும். கடைசியில் போகிறவருக்குக் காய்ந்து, பளபளவென்று வழுக்கும்.

பல வாராந்திரப் பந்தயங்களில் நேரடிக் குலுக்கல். டப்பாவில் கைவிட்டு எண் போட்ட வில்லையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். டல்சா நகரில் நடக்கும் சில்லி பவுல் போட்டியில் (அங்கே ஓடுபவை சிறிய மிட்ஜெட் கார்கள்) ஹீட் பந்தயங்களுக்கு இப்படித்தான்; அப்புறம், பின்னாலிருந்து முந்தி வருபவருக்குக் கூடுதல் புள்ளியும் உண்டு. எனக்குக் குலுக்கல்தான் பிடிக்கும். வேகமான கார் பின்னால் மாட்டினால்தானே முந்துவதைப் பார்க்க முடியும்?