லெப்ரோனா, கிரீனா? ஒரு 93–89 ஆட்டத்தின் புள்ளிவிபரங்கள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்பிஏவின் 2016 இறுதித் தொடரில் கிண்ணத்தைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டம் ஓக்லண்டில் ஜூன் 19 மாலை தொடங்கியபோது கொழும்பில் 20ஆம் திகதி, திங்கள் காலை 5.30. கிளீவ்லண்ட் கவலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கூடைப்பந்தாட்டம் ஆடுகிற பொடியன்களிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் கவலியர்ஸின் லெப்ரோன் ஜேம்ஸ் எதிரணி எறிகையைத் தட்டிவிட்ட பிளாக்கையும் அதே அணியின் கைரி ஏர்விங்கின் மூன்று புள்ளியையும் சொல்வார்கள். இரண்டும் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நடந்தவை. ஆனால் மீதி 46 நிமிடமும் சேர்ந்துதான் அந்த நான்கு புள்ளி வித்தியாசம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க, இரு அணிகளின் கணக்கையும் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும்.

கூடைக்கு எறிந்த எண்ணிக்கையில் இரு அணியும் கிட்டத்தட்டச் சமம். கவலியர்ஸ் 82 எறிந்து 33 போட்டது. வாரியர்ஸ் 83 எறிந்து 32. எங்கிருந்து எறிந்தார்கள் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வாரியர்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 41 தரம் எறிந்து 15 போட்டது. கவலியர்ஸ் 25க்கு 6. அந்த ஒரு வகையில் மட்டும் 45க்கு 18, அதாவது வாரியர்ஸ் 27 புள்ளி முன்னால். கோட்டுக்கு உள்ளே கவலியர்ஸ் 57 எறிந்து 27 போட்டு 54 புள்ளி எடுத்தது. வாரியர்ஸ் 42க்கு 17, வெறும் 34. இங்கே 20 புள்ளி திரும்பி வந்தது. மிச்சம் ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும், ஒன்றுக்கு ஒரு புள்ளியான எறிகை: கவலியர்ஸ் 25க்கு 21, வாரியர்ஸ் 13க்கு 10. அதில் 11. இருபதும் பதினொன்றும் முப்பத்தொன்று, இருபத்தேழைக் கழித்தால் நான்கு. கிண்ணம் இந்தக் கழித்தலில்தான் கைமாறியது.

மூன்று புள்ளிக்கு ஒன்றரை மடங்கு மதிப்புக் கொடுத்து எறிகையின் தரத்தைக் கணக்கிடும் ஒரு முறை இருக்கிறது. பயிற்றுவிப்பாளர்கள் பலர் இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த அளவுகோலில் வாரியர்ஸ் 47.6 சதவீதம், கவலியர்ஸ் 43.9. மேலே நிற்கிற அணி தோற்றிருக்கிறது. அந்தக் கணக்கில் ஃப்ரீ த்ரோவுக்கு இடமே இல்லை என்பதுதான் காரணம். எறிகைச் சதவீதத்தை மட்டும் வைத்து ஓர் அணியை எடைபோடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இனி ஆட்டக்காரர்கள். லெப்ரோன் 27 புள்ளி, 11 ரீபவுண்ட் (தவறிய எறிகையில் பந்தைப் பிடிப்பது), 11 அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது). வாரியர்ஸின் ட்ரேமண்ட் கிரீன் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். இரண்டுமே பெரிய ஆட்டங்கள். ஆனால் லெப்ரோன் தன் 27ஐ எடுக்க 24 தரம் எறிந்து 9 மட்டும் போட்டார். கிரீன் 15 எறிந்து 11 போட்டார். மூன்று புள்ளியில் 8க்கு 6, ஃப்ரீ த்ரோ 4க்கு 4. ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கில் கிரீன் 95 சதவீதத்தைத் தாண்டுகிறார், லெப்ரோன் 47இல் நிற்கிறார். அரைநேரத்தில் 49–42 என வாரியர்ஸ் முன்னால் இருந்தபோது அந்த 49இல் 22 கிரீனுடையது. அந்த ஓர் இரவுக்கு என் தெரிவு கிரீன்தான். தோற்ற அணியில் இருந்ததால் அந்த ஆட்டத்தை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் மனவருத்தம்.

லெப்ரோனின் பக்கத்தில் அட்டவணை மறைப்பதும் உண்டு. அவர் எறிந்த ஃப்ரீ த்ரோ மட்டும் 10. எதிரணி முழுவதும் சேர்ந்து எறிந்ததே 13. மூன்று புள்ளியில் 5க்கு 1 என்று மோசமாகத் தெரியும் அந்த ஒன்று எப்போது விழுந்தது தெரியுமா? நாலாவது கால் பகுதியில் 83–87 எனப் பின்தங்கியிருந்தபோது, மூன்று ஃப்ரீ த்ரோவைப் போட்ட கையோடு. 89–87 ஆனது அவர் ஒருவராலேயே. பிறகு வாரியர்ஸின் இகுவடாலாவின் எறிகையைப் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையில் அறைந்தாரே, அதுவும் அட்டவணையில் மற்ற எந்த பிளாக்கையும் போல ஒன்றுதான். தொடர் முழுவதையும் எடுத்தால் போட்டியே இல்லை: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் ஐந்திலும் இரு அணிக்கும் முதலிடம் லெப்ரோனுக்கு. கிரீன் தடையால் ஐந்தாவது ஆட்டத்தில் ஆடவே இல்லை. தொடரின் சிறந்த வீரர் விருது ஏகமனதாக லெப்ரோனுக்குப் போனது சரியே.

ஏர்விங்கையும் வாரியர்ஸின் ஸ்டீபன் கறியையும் ஒப்பிட அதிக நேரம் வேண்டாம். ஏர்விங் 23க்கு 10, கறி 19க்கு 6. அந்தப் பருவத்தில் 402 மூன்று புள்ளி போட்ட கறி அன்று அந்த வகையில் 14க்கு 4. அவருடைய அணியின் கிளே தோம்சன் 10க்கு 2. கிரீனை விலக்கிப் பார்த்தால் வாரியர்ஸின் மற்ற அனைவரும் சேர்ந்து 33க்கு 9. அந்தப் பருவத்தில் 73 வெற்றி பெற்ற அணி அங்கேதான் சரிந்தது. எவரும் கவனிக்காத இன்னொரு வரி கவலியர்ஸின் கெவின் லவ்: 9 புள்ளி, 14 ரீபவுண்ட், அவர் களத்தில் நின்ற நேரத்தில் கவலியர்ஸ் 19 புள்ளி முன்னால்.

கொழும்பில் பாடசாலைப் போட்டிகளின் மேசையில் எழுதப்படும் சர்வதேசப் புள்ளித்தாளில் போட்ட புள்ளி, ஃபவுல், டைம் அவுட் இவைதான் இருக்கும். தவறிய எறிகைக்கு இடமில்லை. அதனால் 24 எறிந்து 20 புள்ளி எடுத்த பிள்ளையும் 12 எறிந்து 20 எடுத்த பிள்ளையும் அந்தத் தாளில் ஒன்றாகவே தெரிவார்கள், தெரிவுக்குழுவும் அப்படியே நினைத்துவிடும். இதை மாற்றப் பெரிய செலவில்லை. இரண்டு கொப்பியும், வாங்கில் இருக்கும் இரண்டு மாற்று ஆட்டக்காரர்களும் போதும்: ஒருவர் தன் அணிக்கு, மற்றவர் எதிரணிக்கு, கோட்டுக்கு உள்ளே, வெளியே, ஃப்ரீ த்ரோ என்று மூன்று வரிசை போட்டு, விழுந்ததையும் தவறியதையும் கோடு கீறிக்கொண்டு வரட்டும்.