எம்ஜிபி என்ஜினும் கியர்பாக்ஸும் ரீபில்ட் செய்து ஏற்றி மூன்று ஆண்டு ஓட்டிய பின்

என்னுடையது 1969 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். என்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுக்கப் பிரித்துச் செப்பனிட்டு, பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் திரும்ப ஏற்றி மூன்று ஆண்டு ஆகிறது. அதற்குப் பிறகு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். இதே வேலையைச் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: என்ஜினை மட்டும் இப்போது செய்துவிட்டு, கியர்பாக்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இந்த வண்டியில் கியர்பாக்ஸ் கீழ்வழியாகத் தனியே வராது. ஒரு கிளட்ச் பிளேட் மாற்றவே என்ஜினை இறக்கியாக வேண்டும். இன்று மிச்சம் பிடிக்கும் பணம் இரண்டாம் முறை இறக்கும் கூலியிலேயே போய்விடும்.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பளபளப்பான கேரேஜ்களைவிட, அம்பாசடரில் கை பழகிய மெக்கானிக்கையே நான் தேர்ந்தெடுப்பேன். எம்ஜிபியின் 1798 சிசி என்ஜினும் அம்பாசடரில் வந்த 1489 சிசி என்ஜினும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வகைதான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் 88.9 மில்லிமீட்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) மட்டுமே வேறு. எங்கள் அல்சூர் அண்ணன் டாக்ஸி அம்பாசடர்களிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். பானட்டைத் திறந்து பார்த்ததும், "இது நம்ம அம்பாசடருக்குத் தம்பி சார், பயப்படாதீங்க" என்றார். டேப்பெட் கவரைக் கழற்றியதிலிருந்து அவர் கை எங்கும் தயங்கவில்லை.

போரிங் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 0.030 அங்குலம் ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், புது கேம்ஷாஃப்ட், புது டேப்பெட். பிஸ்டனும் பேரிங்கும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தவை, கேஸ்கட், போல்ட் போன்ற சில்லறைச் சாமான்கள் ஜே.சி. ரோட்டில் வாங்கியவை. ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கடினப்படுத்திய எஃகில் கட்டாயம் போடச் சொல்லுங்கள். லெட் (ஈயம்) கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. லெட்டை நம்பிச் செய்த பழைய சீட்டுகள் இன்றைய பெட்ரோலில் மெல்ல மெல்ல உள்ளே அமுங்கிவிடும்.

ஏற்றும் வேலைக்கு அவசரம் ஆகாது. கிராங்கின் பின்முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ்ஷை ஒரு இரவு எண்ணெயில் ஊறப்போட்டு அடித்தோம். கிளட்ச் பிளேட்டை டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தினோம். ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்), ரிவர்ஸ் லைட் ஒயர்களை கியர்பாக்ஸின் மேலே முன்கூட்டியே மாட்டிவிட வேண்டும், உள்ளே போய்விட்டால் விரல் நுழையாது. பிறகு இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, செயின் பிளாக்கில் தூக்கி, கியர்பாக்ஸின் வால் கீழே சாயும்படி நல்ல சரிவில் இறக்கினோம். நேரத்தைத் தின்றது அடியில் வரும் கிராஸ் மெம்பர்தான். ஒரு பக்கத்துத் துளை சேர்ந்தால் மறுபக்கம் விலகும். எல்லா போல்ட்டையும் தளர்வாகக் கோத்துவிட்டுக் கடைசியில்தான் இறுக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டோம். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடவே கூடாது. இருபது நிமிடம் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஓடினால்தான் புது கேமும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று படியும். இந்த டேப்பெட்டுகளுக்குத் துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் சரி. புதுக் கார்களுக்கான ஆயில்களில் அந்தச் சேர்மானம் குறைவு.

அதே 20டபிள்யூ-50 தான் கியர்பாக்ஸுக்கும். கடையில் பழக்கதோஷத்தில் 90 நம்பர் கியர் ஆயிலை எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். ஓவர்டிரைவும் இதே ஆயிலில்தான் வேலை செய்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து எதையும் ஊற்றினால் அதன் கோன் (உராய்ந்து பிடிக்கும் கூம்பு) வழுக்கும். இந்த மூன்று ஆண்டில் எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது இந்தக் கியர்பாக்ஸ்தான். முன்பு தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கினாலே கறகறக்கும். இப்போது இரண்டு விரலால் தள்ளினால் போதும். கோலார் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓவர்டிரைவைப் போட்டால் 3,100 ஆர்பிஎம்மில் இருக்கும் முள் 2,600 பக்கம் இறங்கும், பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம்.

நகருக்குள் கவனம் வேண்டும். இதன் கிளட்ச் ரிலீஸ் பேரிங் குண்டு பேரிங் இல்லை, கார்பன் வளையம். சில்க் போர்டு சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நின்றால் அது தேய்ந்துகொண்டே இருக்கும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். நெரிசலுக்காக, சூடான நாடுகளுக்கென்று வரும் 74 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் போட்டிருக்கிறேன்.

தொல்லைகளும் வந்தன. புதிதாக வாங்கிய ரோட்டர் ஆர்ம் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சுழல் துண்டு), நந்தி மலை ஏற்றத்தில் சட்டென்று வண்டியை நிறுத்திவிட்டது. நடுவிலிருந்த ரிவெட் வழியே கரண்ட் ஷாஃப்ட்டுக்குக் கசிந்திருக்கிறது. இப்போது ரிவெட் இல்லாத வகை போட்டிருக்கிறேன், டேஷ்போர்டு அறையில் ஒன்று உபரியாகவும் கிடக்கிறது. புது என்ஜின் மவுண்ட்டிங் ரப்பர்கள் இரண்டாம் ஆண்டிலேயே அமுங்கிப்போயின. இவ்வளவு செலவு செய்தவனுக்கு இப்படிப்பட்ட ரப்பரை விற்பது அநியாயம்.

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அதனால் காற்றழுத்தம் குறைவு. கையேட்டில் 160 பிஎஸ்ஐ என்றிருந்தால் இங்கே 145 வருவதே சரியான அளவு. நான்கு சிலிண்டரும் நெருக்கமாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும், எனக்கு இன்றும் வருகிறது. ஆயில் பிரஷர் சூட்டில் ஓடும்போது 60 பிஎஸ்ஐ, ஐடிலில் 20.

இப்போது மிச்சமிருக்கும் கவலை பெட்ரோல்தான். ஈ20-இல் (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) உள்ள எத்தனால், எரியும் கலவையை லீன் ஆக்குகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் போகிறது. எஸ்.யு. கார்புரேட்டரின் ஜெட் நட்டைச் சற்றுக் கீழே இறக்கினால் அதைச் சரிக்கட்டலாம். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அப்படி மாற்று வழி கிடையாது, உப்பி விரிசல் விட்டுவிடும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள், கிளிப்பையும் கூடவே மாற்றுங்கள். இந்த என்ஜினில் இரண்டு கார்புரேட்டருக்கும் நேர் கீழேதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகை வெளியேறும் குழாய்) கொதித்துக்கொண்டிருக்கிறது, பெட்ரோல் கசிந்தால் அதன்மேல்தான் சொட்டும்.