கோபுர வீடா, முற்ற வீடா?

டோக்கியோவில் கட்டடக் கலைஞர் தக்காமிட்சு அசுமா தன் குடும்பத்துக்காக 1966-இல் கட்டியது கோபுர வீடு. மனை வெறும் 20 சதுர மீட்டர். அதனால் தளத்துக்கு ஓர் அறை என்று மேலே மேலே அடுக்கிவிட்டார். உள்ளே கதவே கிடையாது, கழிப்பறைக்குக்கூட!

ஒசாகாவில் இன்னொரு கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976-இல் கட்டிய சுமியோஷி வீட்டில் தெருப்பக்கம் ஒரு ஜன்னலும் இல்லை. மொட்டைக் கான்கிரீட் சுவர், நடுவில் வாசல், அவ்வளவுதான். ஆனால் ஒடுக்கமான அந்த மனையிலும் மூன்றில் ஒரு பங்கைக் கூரையில்லாத முற்றமாக விட்டிருக்கிறார். மழை இரவில் மாடிப் படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போக, குடை பிடித்துக்கொண்டு ஈரப் படிகளில் இறங்க வேண்டும். அப்புறம் குளிர்காலம் வேறு.

மாடி ஏறி இறங்க முழங்காலில் வலு இருந்தால் கோபுர வீடு வசதிதான். எனக்கென்னவோ, நனைந்தாலும் பரவாயில்லை, முற்ற வீடுதான் வேண்டும். நாலு சுவருக்குள் வானம் கிடைக்கிறதே!